போன வருடத்து ஃபைலை மூடி வையுங்கள்

பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில் ஆண்டறிக்கை தயாரிக்கும் கம்பெனி செக்ரட்டரிகளுக்கும், அவர்களோடு சேர்ந்து உழைக்கும் நிதிப் பிரிவு, மனிதவளப் பிரிவு, தொழிற்சாலை நண்பர்களுக்கும்,



மார்ச் 31 கணக்கு முடிந்த கையோடு உங்களுக்குத் தலைக்கு மேல் வேலை வந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். தணிக்கை செய்த ஆண்டு முடிவுகள் 60 நாளுக்குள் பங்குச்சந்தைக்குப் போக வேண்டும். செப்டம்பர் 30க்குள் ஆண்டுப் பொதுக்கூட்டம். சந்தை மதிப்பில் முதல் 100 இடங்களுக்குள் இருக்கும் நிறுவனம் என்றால் ஆகஸ்ட் 31க்குள். கூட்டத்துக்கு முழுதாக 21 நாள் முன்னால் அறிவிப்பும் ஆண்டறிக்கையும் பங்குதாரருக்குப் போயிருக்க வேண்டும். அனுப்பத் தொடங்கும் நாளுக்குள் பங்குச்சந்தைக்கும் ஒரு பிரதி. இந்தத் தேதிகளிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பார்த்தால், உட்கார்ந்து எழுத உங்களுக்குக் கிடைப்பது சில வாரங்கள்தான். அதற்குள் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியிடமிருந்து புதிதாக ஒரு சுற்றறிக்கையும் வந்து சேரும்.

இந்த நெருக்கடியில் பெரும்பாலான அலுவலகங்களில் நடப்பது இதுதான். போன வருடத்து ஃபைலைத் திறக்கிறோம், வேறு பெயரில் சேமிக்கிறோம், 2024-25 என்று இருக்கும் இடமெல்லாம் 2025-26 என்று மாற்றுகிறோம், எண்களைப் புதிதாக ஏற்றுகிறோம். விதி புதிதாகக் கேட்டதை ஏதோ ஓர் இடத்தில் ஒரு பத்தியாகச் செருகுகிறோம். சட்டப்படி இதில் குற்றம் கண்டுபிடிப்பது கடினம். ஆனால் அந்த அறிக்கையைக் கடைசிப் பக்கம் வரை படித்தாலும், கம்பெனிக்கு அந்த ஒரு வருடத்தில் என்ன நேர்ந்தது என்பது பங்குதாரருக்குத் தெரியாது. பல வருடங்களாக இந்த அறிக்கைகளைப் படித்து வருகிறவன், சில காலம் உங்கள் பக்கத்து நாற்காலியிலும் உட்கார்ந்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். ஒரு விதி ஏன் வந்தது என்று விசாரித்துவிட்டு அதற்குப் பதில் எழுதுங்கள். வெளிப்படுத்தல் விதிகளில் புதிதாக ஒரு பிரிவு சேர்கிறது என்றால், பெரும்பாலும் அதற்கு முன்னால் எங்கோ ஒரு முதலீட்டாளர் ஏமாந்திருக்கிறார். அவர் எதில் ஏமாந்தார் என்று தெரிந்துவிட்டால், நீங்கள் எதை எழுத வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். தெரியாவிட்டால் செக்லிஸ்ட்டில் டிக் போடுவது மட்டுமே மிஞ்சும்.

உங்களில் இளையவர்கள் 2009இல் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். அந்த வருடம் ஜனவரி 7ஆம் தேதி, சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு தன் இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். 2008 செப்டம்பர் 30ஆம் தேதிக் கணக்கில் காட்டியிருந்த ரொக்கமும் வங்கி இருப்பும் 5,361 கோடி ரூபாய். அதில் 5,040 கோடி கிடையவே கிடையாது என்று அவரே அதில் ஒப்புக்கொண்டார். அன்று ஒரே நாளில் பங்கு விலை முக்கால்வாசிக்கு மேல் விழுந்தது. அதற்குச் சில மாதம் முன்புதான் அந்த நிறுவனம் சிறந்த கார்ப்பரேட் கவர்னன்ஸுக்கான கோல்டன் பீகாக் விருதை வாங்கியிருந்தது. பிறகு அது பறிக்கப்பட்டது.

இந்தச் சம்பவத்தை மோசடிக் கதையாக மட்டும் பார்க்காதீர்கள், ஆண்டறிக்கையின் கதையாகவும் பாருங்கள். சத்யத்தின் ஆண்டறிக்கையில் அன்றைய விதிகள் கேட்ட தலைப்புகள் இருந்தன. பட்டியல் ஒப்பந்தத்தின் 49ஆம் பிரிவு கேட்ட நிர்வாக நெறி அறிக்கை இருந்தது, சுதந்திர இயக்குநர்கள் இருந்தார்கள், தணிக்கையாளர் கையெழுத்து இருந்தது. படிவம் நிறைந்திருந்தது, பணம்தான் இல்லை. இன்று நீங்கள் அலுத்துக்கொண்டே நிரப்பும் பல பத்திகள் இந்தக் காயத்துக்குப் பிறகு வந்தவை. தணிக்கை நிறுவனத்தைக் குறிப்பிட்ட காலத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதும், மோசடி தென்பட்டால் தணிக்கையாளரே அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்பதும் 2013 கம்பெனிகள் சட்டத்தில் வந்தன. அதே சட்டத்தின் கீழ் 2018 அக்டோபரில் தேசிய நிதி அறிக்கை ஆணையம் அமைந்தது. கணக்கு மென்பொருளில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற தடம் அழியாமல் இருக்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தணிக்கையாளர் அதைப் பற்றியும் தன் அறிக்கையில் சொல்ல வேண்டும். எடிட் லாக் வருடம் முழுதும் ஓடியதா என்று அவர் கேட்கும்போது ஐடி பிரிவினர் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கு இந்த 5,040 கோடியைச் சொல்லுங்கள்.

பட்டியல் ஒப்பந்தத்தின் அந்தப் பழைய 49ஆம் பிரிவுக்குப் பதிலாகத்தான், பட்டியலிட்ட நிறுவனங்களின் கடமைகளையும் வெளிப்படுத்தல்களையும் வகுக்கும் செபியின் எல்ஓடிஆர் விதிமுறைகள் 2015 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டு, டிசம்பர் 1 முதல் அமலுக்கு வந்தன. ஒப்பந்தமாக இருந்தது சட்ட பலம் கொண்ட விதிமுறையானது. 2017 ஜூனில் வங்கியாளர் உதய் கோட்டக் தலைமையில் ஒரு குழு அமைந்து அக்டோபரில் அறிக்கை தந்தது. அதன் பரிந்துரைகளில் பெரும்பகுதி 2018 மே மாதத் திருத்தமாக வந்தது. அதில் வந்த ஒன்றை மட்டும் எடுத்து விரிவாகச் சொல்கிறேன். விதி கேட்கும் கேள்விக்கும் நாம் எழுதும் பதிலுக்கும் உள்ள தூரம் அதில் பளிச்சென்று தெரியும்.

முக்கிய நிதி விகிதங்களில் ஏதாவது ஒன்று முந்தைய வருடத்தைவிட 25 சதவீதமோ அதற்கு மேலோ மாறியிருந்தால், நிர்வாகத்தின் அலசல் அறிக்கையில், அதாவது நீங்கள் எம்டி அண்ட் ஏ என்று சொல்லும் பகுதியில், அதற்கு விளக்கம் தர வேண்டும். வரவேண்டிய பாக்கியின் சுழற்சி, சரக்குச் சுழற்சி, வட்டி கட்டும் திறன், கடன்-பங்கு விகிதம், லாப விளிம்பு என்று பட்டியல் போகும். ஒரு நூற்பாலையை வைத்துக்கொள்வோம். போன வருடம் வரவேண்டிய பாக்கியின் சுழற்சி விகிதம் 6.1, இந்த வருடம் 4.2. சரிவு 31 சதவீதம். விளக்கம் எழுத வேண்டிய கட்டத்தில் இப்படி ஒரு வரி வரும்: ‘சராசரி வரவேண்டிய தொகை அதிகரித்ததால் விகிதம் குறைந்துள்ளது.’ நண்பர்களே, வகுக்கும் எண் பெருகினால் விடை சிறுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பங்குதாரர் கேட்டது அதையல்ல. சரக்கு வாங்கியவர்கள் ஏன் பணம் தரவில்லை என்று கேட்டார்.

அதே கட்டத்தில் இப்படி எழுதிப் பாருங்கள்: ‘முன்பு சராசரியாக 60 நாளில் வந்த பணம் இப்போது 87 நாளில் வருகிறது. ஏற்றுமதி ஆர்டர் குறைந்த ஆயத்த ஆடை நிறுவனங்கள் இரண்டுக்கு ஜூலை முதல் கூடுதல் தவணை கொடுத்தோம். அதில் ஒருவர் டிசம்பருக்குப் பிறகு ஒன்றும் செலுத்தவில்லை. அவருக்கான தொகையில் பாதிக்கு ஒதுக்கீடு செய்திருக்கிறோம்.’ அதிகம் போனால் நாலு வரி. இதை எழுத நீங்கள் விற்பனைப் பிரிவுக்கு எழுந்து போய்க் கேட்க வேண்டியிருக்கும். விற்பனை மேலாளர் முதலில் சப்பைக்கட்டு கட்டுவார். நிதி இயக்குநர், ‘இவ்வளவு விவரம் தேவையா?’ என்பார். தேவைதான். முதலீட்டாளர் தன் பணத்தை இன்னும் ஒரு வருடம் அங்கே விட்டு வைக்கலாமா என்று முடிவெடுக்க உதவும் வரிகள், 200 பக்க ஆண்டறிக்கையில் இப்படிச் சிலதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2021 மார்ச்சில் கம்பெனிகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை திருத்தப்பட்டு, கணக்குக் குறிப்புகளிலும் 11 விகிதங்களைக் காட்டி, 25 சதவீதத்துக்கு மேற்பட்ட மாற்றத்துக்கு விளக்கம் தர வேண்டும் என்று வந்துவிட்டது. எம்டி அண்ட் ஏ எழுதுவது செக்ரட்டேரியல் பிரிவு, குறிப்பு எழுதுவது கணக்குப் பிரிவு. ஒரே விகிதத்தை இருவரும் இரண்டு விதமாகக் கணக்கிட்டு, ஒரே புத்தகத்தின் இரண்டு பக்கங்களில் இரண்டு எண் அச்சாவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டையும் படிக்கும் ஒருவர் உங்கள் மற்ற எண்களையும் சந்தேகப்படத் தொடங்குவார். அதில் நியாயம் இருக்கிறது. சூத்திரத்தை ஏப்ரல் முதல் வாரத்திலேயே இரு பிரிவும் உட்கார்ந்து ஒன்றாக்கிக்கொள்ளுங்கள்.

இயக்குநர்களின் திறன் அட்டவணையும் அதே 2018 திருத்தத்தில் வந்ததுதான். எந்த இயக்குநருக்கு எந்தத் துறையில் திறமை என்று பெயரோடு காட்ட வேண்டும். நாம் போடும் அட்டவணையில் எல்லா இயக்குநர் பெயருக்கு நேராகவும் எல்லாக் கட்டத்திலும் டிக் இருக்கும். இணையப் பாதுகாப்பு தெரிந்தவர் யாரும் குழுவில் இல்லை என்றால் அந்தக் கட்டம் காலியாகத்தான் இருக்க வேண்டும். காலிக் கட்டத்தைப் பார்த்தால் நியமனக் குழு அடுத்த முறை அப்படி ஒருவரைத் தேடும். நிரப்பிவிட்டால் தேடாது.

இனி பிஆர்எஸ்ஆர், அதாவது வணிகப் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கை. நீங்கள் அதிகம் சலித்துக்கொள்வது இதைப் பற்றித்தான், நான் அதிகம் நம்பிக்கை வைத்திருப்பதும் இதில்தான். எனவே கொஞ்சம் நின்று பேசுகிறேன். 2012இல் முதல் 100 நிறுவனங்களுக்கு வணிகப் பொறுப்பு அறிக்கையாகத் தொடங்கியது இது. 2021 மே 10ஆம் தேதிச் சுற்றறிக்கையில் இன்றைய வடிவம் வந்தது. 2022-23இலிருந்து முதல் 1000 நிறுவனங்களுக்குக் கட்டாயம். 2023 ஜூலையில் பிஆர்எஸ்ஆர் கோர் என்ற பகுதி சேர்ந்து, அதிலுள்ள எண்களுக்கு வெளியார் உறுதிச் சான்று வேண்டும் என்றானது: 2023-24இல் முதல் 150 நிறுவனங்கள், அடுத்த வருடம் 250, 2025-26இல் 500, அதற்கடுத்து 1000. பிறகு உறுதிச் சான்றுக்கு மாற்றாக மதிப்பீடும் போதும் என்று விதி தளர்ந்தது. முதல் 500க்குள் புதிதாக நுழையும் நிறுவனங்களில் பல நடுத்தரமானவை. அங்கே இதற்கெனத் தனிப்பிரிவு இருக்காது. கம்பெனி செக்ரட்டரியும் ஒரு உதவியாளரும்தான்.

அவர்களுக்காகச் சொல்கிறேன். பிஆர்எஸ்ஆர் எண்கள் தலைமை அலுவலகத்தில் பிறப்பதில்லை. ஒரகடத்திலோ ஓசூரிலோ இருக்கும் தொழிற்சாலையில், யாரோ ஒருவர் பதிவேட்டில் எழுதும்போது பிறக்கின்றன. விபத்து விகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து லட்சம் மனித-மணிநேர வேலைக்கு, வேலைநாள் இழக்கச் செய்த காயங்கள் எத்தனை என்று காட்ட வேண்டும், ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து. நீங்கள் ஏப்ரலில் மின்னஞ்சல் போட்டுக் கேட்டால், தொழிற்சாலை மனிதவள அதிகாரி தன் சம்பளப் பட்டியலில் இருப்பவர்களின் கணக்கை அனுப்புவார். அதில் ஒப்பந்தத் தொழிலாளி இருக்க மாட்டார். அவரது வருகை ஒப்பந்ததாரரின் மஸ்டர் ரோலில் இருக்கும். அவர் கை நசுங்கிய அன்று முதலுதவி அறைப் பதிவேட்டில் ஒரு வரி எழுதப்பட்டிருக்கும். மறுநாளிலிருந்து மஸ்டர் ரோலில் அவர் ‘வரவில்லை’ என்று மட்டும் இருக்கும். அறிக்கையில் ‘ஒப்பந்தத் தொழிலாளர்கள்: காயம் இல்லை’ என்று அச்சாகும்.

யாரும் திட்டமிட்டுப் பொய் சொல்லவில்லை. பதிவேடுகள் ஒன்றோடொன்று பேசவில்லை, அவ்வளவுதான். ஆகவே மின்னஞ்சலோடு நிறுத்தாமல் ஒருமுறை நேரில் போங்கள். வாயிற்கதவு பஞ்சிங் கணக்கு, ஒப்பந்ததாரரின் மஸ்டர் ரோல், முதலுதவி அறைப் பதிவேடு மூன்றையும் ஒரே மேசையில் விரித்து, ஏதாவது ஒரு மாதத்தை மட்டும் வரி வரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். உறுதிச் சான்று தருகிறவர் வருவதற்குள் உங்களுக்கே நிலவரம் தெரிந்துவிடும். தெரிந்ததை அறிக்கையில் எழுதுங்கள். ‘இந்த வருடம் ஒப்பந்தத் தொழிலாளர் விவரத்தைச் சேகரிக்கும் முறையை மாற்றினோம், அதனால் எண்ணிக்கை உயர்ந்திருக்கிறது’ என்று ஒரு நிறுவனம் எழுதினால் நான் அந்த நிறுவனத்தை அதிகம் நம்புவேன். காயம் பட்டவருக்கும் அது பயன்படும். எண்ணப்படாத காயத்துக்கு எந்த மேலாளரும் இயந்திரத்தில் பாதுகாப்புத் தடுப்பு போட மாட்டார்.

பிஆர்எஸ்ஆர் கோரில் இன்னொரு எண் இருக்கிறது, அதை முதலீட்டாளர்கள் அதிகம் கவனிப்பதில்லை. சரக்கும் சேவையும் வாங்கியதற்கு எத்தனை நாளில் பணம் கொடுத்தீர்கள் என்பது. கோவை ஆவாரம்பாளையத்தில் லேத் போட்டு உதிரிபாகம் செய்து கொடுப்பவருக்கு, திருப்பூரில் ஜாப் வொர்க் எடுப்பவருக்கு, இந்த ஒரு எண்தான் வாழ்வா சாவா. சிறு தொழில்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் வருடச் சட்டமே சொல்கிறது. ஆனால் பிஆர்எஸ்ஆரில் வருவது எல்லாச் சப்ளையர்களுக்கும் சேர்ந்த சராசரி. எஃகு ஆலைக்கும் மின்வாரியத்துக்கும் உரிய நாளில் கட்டிவிட்டு, சிறியவரை நூறு நாள் காக்க வைத்தாலும் சராசரி அழகாகவே இருக்கும். மூன்றாம் அட்டவணையின்படி நிலுவைகளைச் சிறு, குறு நிறுவனங்கள், மற்றவர்கள் என்று பிரித்துக் காட்டும் பட்டியல் எப்படியும் உங்கள் கணக்குக் குறிப்பில் இருக்கிறது. அந்தப் பிரிப்பை வைத்து, சிறு நிறுவனங்களுக்கு மட்டும் எத்தனை நாள் ஆகிறது என்று தனியாக ஒரு வரி எழுதுங்கள். விதி கேட்கவில்லைதான். கேட்கப்படாததைச் சொல்லக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. பெரிய நகரம், சிறு நகரம், கிராமம் என்று எங்கே எவ்வளவு கூலி கொடுத்தீர்கள் என்ற கேள்வியும் அதே அறிக்கையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆலைகள் ஊருக்கு ஊர் பரந்து கிடப்பதால் நம் நிறுவனங்கள் பலவற்றுக்கு இதில் சொல்ல நல்ல செய்தி இருக்கும். அதை வெறும் சதவீதமாக விட்டுவிடாதீர்கள்.

ஒரே புத்தகத்துக்குள் எண்கள் முட்டிக்கொள்ளும் இடங்களில் மோசமானது ஆள் கணக்கு. இயக்குநர் அறிக்கையின் இணைப்பில், ஒவ்வோர் இயக்குநரின் ஊதியம் ஊழியர்களின் இடைநிலை ஊதியத்தைப்போல் எத்தனை மடங்கு என்று சொல்லும் இடத்தில் நிரந்தர ஊழியர் எண்ணிக்கை வரும். பிஆர்எஸ்ஆரின் முதல் பகுதியில் அதே எண் வேறாக வரும். எம்டி அண்ட் ஏயில் மூன்றாவதாக ஒன்று. பயிற்சியாளரைச் சேர்த்தோமா, துணை நிறுவனத்தைச் சேர்த்தோமா என்பதில் வரும் வித்தியாசம் அது. காரணம் இருந்தால் அதை அடிக்குறிப்பில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் திருத்துங்கள்.

வருடம் முழுதும் பங்குச்சந்தைக்கு அனுப்பிய அறிவிப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023 ஜூன் திருத்தத்துக்குப் பிறகு எது முக்கியமான நிகழ்வு என்பதை எண்ணாலேயே அளக்கிறோம். விற்றுமுதலில் 2 சதவீதம், நிகர மதிப்பில் 2 சதவீதம், மூன்று வருடச் சராசரி லாபத்தில் 5 சதவீதம், இவற்றில் எது குறைவோ அது. ‘பெரிய விஷயம் இல்லை’ என்று நிர்வாகமே முடிவு செய்து வைத்துக்கொண்ட காலத்தின் கசப்பிலிருந்து வந்த அளவுகோல் இது. எனவே ஆலை நிறுத்தம், வரி நோட்டீஸ், மூத்த அதிகாரி விலகல் என்று எத்தனையோ அறிவிப்பு போயிருக்கும். ஆண்டறிக்கை எழுதத் தொடங்கும் முன் அவை அத்தனையையும் தேதிவாரியாக அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நவம்பரில் பாய்லர் வெடித்து ஆலை நின்றதை அன்றே சந்தைக்குச் சொன்ன நிறுவனம், ஆண்டறிக்கையின் எம்டி அண்ட் ஏயில் ‘சவாலான சூழலிலும் சீரான செயல்பாடு’ என்று எழுதினால், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். அந்த அறிவிப்புக் கோவைதான் உங்கள் வருடத்தின் உண்மையான நாட்குறிப்பு. எம்டி அண்ட் ஏயை அதிலிருந்து எழுதுங்கள்; போன வருட எம்டி அண்ட் ஏயிலிருந்து எழுதாதீர்கள்.

விதி இப்படி அடிக்கடி மாறினால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. தொடர்புடைய தரப்பினரோடு செய்யும் பரிவர்த்தனைகளுக்கு என்னென்ன விவரம் தர வேண்டும் என்ற தொழில்துறைத் தரநிலை 2025 பிப்ரவரியில் வந்தது. ஏப்ரல் 1 முதல் என்றார்கள், ஜூலை 1க்குத் தள்ளினார்கள், பிறகு செப்டம்பர் 1 ஆனது. இடையில் வடிவமும் மாறியது. அதற்காக மென்பொருளை மாற்றி, படிவம் தயாரித்து, ஆடிட் கமிட்டிக்கு விளக்கி முடித்தவர்களின் உழைப்பு வீண்தானே? ஒழுங்குமுறை அமைப்பு இதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு நிதியாண்டு தொடங்குவதற்கு ஆறு மாதம் முன்னாலாவது இறுதி வடிவம் கையில் இருந்தால்தான், தரவை முதல் நாளிலிருந்து சேகரிக்க முடியும். பாதியில் வரும் விதிக்குப் பழைய தேதியிட்டு எண் தேடும்போதுதான் குத்துமதிப்பு நுழைகிறது.

இந்தக் குறையைக் காபி மேசையில் சொல்வதோடு விட்டுவிடாதீர்கள். திருத்தம் செய்வதற்கு முன் செபி தன் ஆலோசனைத் தாளை வெளியிட்டுக் கருத்துக் கேட்கிறது. நடைமுறையில் படிவத்தை நிரப்புகிறவர் நீங்கள். ‘இந்தக் கட்டத்துக்கான விவரம் எங்கள் தொழிற்சாலையில் இந்தப் பதிவேட்டில் இருக்கிறது, அதை இந்த வடிவில் எடுக்க இத்தனை மாதம் ஆகும்’ என்று நீங்கள் எழுதும் அரைப் பக்கத்துக்கு இருக்கும் எடை வேறு எதற்கும் இராது. விதியைத் தளர்த்தச் சொல்லி எழுத வேண்டியதில்லை. எப்படி எழுதினால் விடை உண்மையாக வரும் என்று எழுதுங்கள்.

கடைசியாக, இந்த அறிக்கை யாருக்குப் போகிறதோ அவர்களைப் பற்றி. சென்னையில் மியூசிக் அகாடமி, நாரத கான சபா போன்ற அரங்குகளில் பொதுக்கூட்டங்கள் நடந்த காலத்தில், ஆண்டறிக்கையை மடியில் வைத்துப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருக்கும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். 2020 மே முதல் கூட்டங்கள் காணொளிக்கு மாறின. ஆண்டறிக்கை மின்னஞ்சல் இணைப்பானது. மின்னஞ்சல் பதிவு செய்யாதவர்களுக்கு முன்பு சுருக்க அறிக்கை அச்சில் போனது. 2024 டிசம்பர் திருத்தத்துக்குப் பிறகு, அறிக்கை இணையத்தில் எங்கே இருக்கிறது என்ற முகவரியைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் அனுப்பினால் போதும். காகிதம் மிச்சமாகிறது, செலவு குறைகிறது, சரிதான். ஆனால் அந்தக் கடிதத்தைப் பெறுகிறவர் யார் என்று நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் வயதானவர். கணவர் பெயரில் காகிதப் பங்குச் சான்றிதழ் வைத்திருக்கும் அம்மா ஒருவராகவும் இருக்கலாம். 2019 ஏப்ரல் முதல் காகிதப் பங்கைக் கைமாற்றவும் முடியாது. தொடர்ந்து ஏழு வருடம் டிவிடெண்ட் வாங்காவிட்டால் பங்கே முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். மூன்று வரி நீளமுள்ள இணைய முகவரியை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்ய அவரால் முடியுமா?

விதி கேட்பது சரியான முகவரியும் அதன் பாதையும். நீங்கள் அந்தக் கடிதத்தில் இன்னும் சிலவற்றைச் சேர்க்கலாம். அச்சுப் பிரதி கேட்டால் அனுப்ப வேண்டியது உங்கள் கடமை என்பதால், அதைக் கேட்க எந்த எண்ணுக்குப் பேச வேண்டும் என்று பெரிய எழுத்தில் போடுங்கள். அவர் வாங்காமல் கிடக்கும் டிவிடெண்ட் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் கேட்காவிட்டால் பங்கு போய்விடும் என்று எழுதுங்கள். அந்த விவரம் உங்கள் ரெஜிஸ்ட்ராரிடம் ஃபோலியோவாரியாக இருக்கிறது. தமிழ்நாட்டு முகவரிகளுக்குப் போகும் கடிதத்தைத் தமிழிலும் அச்சிடுங்கள். முடிந்தால், இந்த வருடம் என்ன நடந்தது என்று இரண்டு பக்கத்தில் தமிழில் எழுதி இணையதளத்தில் ஏற்றுங்கள். காலாண்டு முடிவுகளைத் தமிழ் நாளிதழில் விளம்பரமாகப் போட்டுப் பழகிய நிறுவனங்களுக்கு இது பெரிய காரியம் இல்லை. சட்ட ரீதியான ஆவணம் ஆங்கிலத்தில் இருப்பதுதான் என்று கீழே ஒரு வரி போட்டுவிட்டால் வழக்கறிஞரின் கவலையும் தீரும்.

இந்த வேலைகளுக்கு நேரம் எங்கே என்பீர்கள். அட்டைப்படம், தலைவரின் புகைப்படம், பளபளக்கும் முதல் முப்பது பக்கம் ஆகியவற்றுக்கு டிசைனரோடு நீங்கள் செலவழிக்கும் நாட்களில் பாதியை இதற்குக் கேளுங்கள். நிர்வாக இயக்குநரும் நிதி இயக்குநரும் கணக்கு உண்மையானது என்று சான்றிதழில் கையெழுத்துப் போடுகிறார்கள். அவர்கள் மனநிம்மதியோடு கையெழுத்துப் போட வேண்டுமானால், அந்த நாட்கள் உங்களுக்கு வேண்டும் என்று அவர்களிடமே சொல்லுங்கள். கேட்டால் தருகிற நிர்வாகங்கள் இருக்கின்றன.

இன்னும் ஒன்று. இந்த வருடக் கூட்டம் முடிந்ததும், காணொளியில் பேசப் பதிவு செய்துகொண்ட பங்குதாரர்கள் என்னென்ன கேட்டார்கள் என்ற குறிப்பை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் நேராக, பதில் ஆண்டறிக்கையின் எந்தப் பக்கத்தில் இருந்தது என்று எழுதுங்கள். பக்க எண் எழுத முடியாத கேள்விகளைத் தனியே எடுத்து வையுங்கள். அடுத்த ஏப்ரலில் எழுத உட்காரும்போது, போன வருடத்து ஃபைலுக்குப் பதிலாக அந்தக் காகிதம் உங்கள் முன்னால் இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் அறிக்கைகளைப் படிக்கும் பங்குதாரர்களில் ஒருவன்